வன்தட்டுப் பிழையும் செப்பனிடும் முறையும்

கிடங்கில் சரக்கு இருப்பது ஒன்று. இருப்புப் பேரேட்டில் அது பதிவாகியிருப்பது மற்றொன்று. இரண்டும் ஒத்திருக்கும் வரையில் கவலையில்லை. ஒவ்வாத நாளில், சரக்குக் கிடங்கிலேயே கிடந்தாலும் கேட்டவருக்கு எடுத்துக் கொடுக்க இயலாது. நம் அங்கத்தினர் பலருடைய இல்லங்களில் இன்று இடம்பெற்றுள்ள கம்ப்யூட்டருக்கும் இஃது அப்படியே பொருந்தும். கூலிக் கணக்கு, பாவும் ஊடையும் வாங்கிய விவரம், சேலைக் கரைகளின் சித்திரங்கள், விளைபொருள் விற்ற சீட்டுகள், குழந்தைகளின் படங்கள் ஆகிய யாவும் அதனுள் இருக்கும் ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டில் அடங்கியுள்ளன. அதில் பிழை நேர்ந்தால் செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பதை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

வன்தட்டின் அமைப்பு

முதல் வன்தட்டை ஐ.பி.எம். நிறுவனத்தார் 1956-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் கொண்ட அவ்வியந்திரத்தில் ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துக்களே அடங்கின. இன்றோ, உள்ளங்கையில் அடங்கும் வன்தட்டு ஒன்றில் ஒரு லட்சம் கோடி எழுத்துக்களுக்கும் மேல் அடங்குகின்றன. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் காந்தப் பூச்சுப் பெற்ற தட்டு பெரும்பாலும் நிமிஷத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கிறது. மயிரிழையின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த இடைவெளியில், அதன்மேல் படாமல் ஒரு முனை எழுதியும் படித்தும் வருகிறது. தட்டு, ஸெக்டர் எனப்படும் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. எந்தக் கோப்பு எந்தக் கட்டங்களில் உள்ளது என்பதைக் குறிக்கும் பேரேடும் அத்தட்டிலேயே இருக்கிறது.

இருவகைப் பிழைகள்

முதல் வகை, பேரேட்டுப் பிழை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் தடைப்பட்டாலும், முறைப்படி மூடாமல் கம்ப்யூட்டரை நிறுத்தினாலும் பதிவு பாதியில் நின்றுவிடும். தட்டு நன்றாகவே இருக்கும், கணக்குத்தான் தவறியிருக்கும். இரண்டாம் வகை, தட்டின் பழுது. அதிர்ச்சியாலோ தேய்மானத்தாலோ சில கட்டங்கள் படிக்க இயலாதனவாகிவிடும்.

கோப்புத் திறக்க மறுத்தல், சிறு வேலைக்கும் நெடுநேரமாதல், அடிக்கடி இயக்கம் உறைந்து நிற்றல் ஆகியவை இவற்றின் அறிகுறிகளாகலாம். தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்ற புதிய ஓசை மீண்டும் மீண்டும் எழுமாயின், உடனே மின்சாரத்தை நிறுத்துக. அப்பொழுது எந்தச் சோதனையும் கூடாது. உள்ளிருப்பவை இன்றியமையாதனவாயின், தரவு மீட்பில் தேர்ந்தவரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

முதலில் பிரதி

ஓசை ஏதும் இன்றேல், முதற்காரியம் பிரதி எடுத்தலேயாம். படிக்க முடிந்த கோப்புகளை எல்லாம் வேறொரு தட்டிலோ, பென் டிரைவிலோ எழுதி வைத்த பின்னரே செப்பனிடத் தொடங்க வேண்டும். இதனை நாம் பட்டறிந்தே கூறுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் இல்லத்துக் கம்ப்யூட்டரில் பிழை தோன்றியபோது, பிரதி எடுக்காமலே திருத்தக் கட்டளையிட்டோம். திருத்தம் முடிந்ததென்ற அறிவிப்பும் வந்தது. ஆனால் இரண்டாண்டுகளாகச் சேர்த்த கரைச் சித்திரங்கள் பெயரிழந்த துண்டுகளாகச் சிதறிக் கிடந்தன. அவற்றுட் பலவற்றைத் திரும்பப் பெறவே இயலவில்லை.

இது திருத்தும் கருவியின் குற்றமன்று. பேரேட்டை ஒழுங்குபடுத்துவதே அதன் கடமை. நம் சரக்கைக் காப்பது அதன் கடமையன்று. பொருந்தாத பதிவை அது வெட்டிவிடும். உரிமை தெரியாத துண்டுகளைத் தனியே ஒதுக்கிவிடும்.

சோதிக்கும் முறை

விண்டோஸ் அமைப்பில் ‘திஸ் பிசி’யைத் திறந்து, தட்டின் குறிமீது மௌஸின் வலப் பொத்தானை அழுத்தி, ‘பிராப்பர்ட்டீஸ்’, ‘டூல்ஸ்’, ‘செக்’ என்பவற்றை வரிசையாகத் தேர்ந்தால் சோதனை தொடங்கும்.

மேலும் நுணுக்கமாகச் சோதிக்க, நிர்வாகி அதிகாரத்துடன் ‘கமாண்டு பிராம்ப்ட்’டைத் திறக்க வேண்டும். சி, எச், கே, டி, எஸ், கே என்னும் ஆறு ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்தெழுதி, இடம் விட்டு, தட்டுக்குரிய எழுத்தையும் முக்காற்புள்ளியையும் இடுக. இவ்வளவில் அது பார்வையிடுமேயன்றி எதையும் மாற்றாது. மீண்டும் இடம் விட்டு, சாய்கோடும் எஃப் எழுத்தும் சேர்த்தால் பேரேட்டைத் திருத்தும். எஃபுக்குப் பதிலாக ஆர் சேர்த்தால், பேரேட்டைத் திருத்துவதோடு பழுதான கட்டங்களையும் தேடி, படிக்கக்கூடியதை மீட்க முயலும். விண்டோஸ் அமைந்துள்ள தட்டாயின், அடுத்த முறை தொடங்கும்போது சோதிக்கலாமா என்று கேட்கும். ஒய் எழுத்தை அழுத்திச் சம்மதம் தருக.

ஆர் சேர்த்த சோதனை பெரிய தட்டுகளில் பல மணி நேரம் நீளும். இடையில் நிறுத்தலாகாது. யு.பி.எஸ். கருவி இருப்பின் அதனுடன் இணைத்துக்கொள்வது நலம். மடிக் கம்ப்யூட்டராயின் மின் இணைப்பு இருத்தல் வேண்டும்.

சோதனைக்குப் பின்

பழுதான கட்டத்தை எந்தக் கட்டளையும் குணப்படுத்துவதில்லை. அதனை உபயோகியாதவாறு அடையாளமிடுவது மட்டுமே செய்கிறது. தன் நலத்தைத் தானே குறித்துக்கொள்ளும் ‘ஸ்மார்ட்’ என்னும் ஏற்பாடு வன்தட்டுகளில் உண்டு. அதனைப் படித்துக் காட்டும் இலவசச் செயலிகளும் கிடைக்கின்றன. மாற்றப்பட்ட கட்டங்களின் எண்ணிக்கை மேன்மேலும் ஏறுமாயின், அத்தட்டை நம்பியிராமல் புதியது வாங்குவதே சிக்கனம். சுழலும் தட்டில்லாத எஸ்.எஸ்.டி. வகையோ, சில வேளைகளில் முன்னறிவிப்பே இன்றி நின்றுவிடும். அதனை உடையோருக்குப் பிரதி இன்னும் அவசியம்.

நூல் அறுந்தால் முடிச்சிட்டுத் தறியைத் தொடர்ந்து ஓட்டலாம். அழிந்த பதிவை முடிச்சிட இயலாது. ஆகவே, அங்கத்தினர் ஒவ்வொருவரும் வாரம் ஒரு முறை பிரதி எடுப்பதை வழக்கமாக்கிக்கொள்க. ஒரு பிரதி இல்லத்திலும், மற்றொன்று வேறிடத்திலும் இருக்கட்டும். இதற்குச் செலவாவது அரை மணி நேரம். காக்கப்படுவது பல ஆண்டு உழைப்பு.