பிடிபிடிஎன் கட்டினால் வருமான வரி குறையுமா?

உங்கள் சம்பளச் சீட்டை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். பிடித்தங்கள் என்ற பகுதியில் இபிஎஃப், சொக்சோ, மாதாந்திர வரிப் பிடித்தமான பிசிபி ஆகியவை ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். படிப்புக் கடனைச் சம்பளத்திலேயே பிடிக்கச் சொன்னவர்களுக்கு அவற்றோடு பிடிபிடிஎன் தொகையும் சேர்ந்திருக்கும். இந்த வரிசைதான் நம் பிள்ளைகளைக் குழப்புகிறது. இபிஎஃப் பணத்துக்கு 4,000 ரிங்கிட் வரை வரிக் கழிவு உண்டு. சொக்சோவுக்கு 350 ரிங்கிட் வரை உண்டு. அப்படியானால் பக்கத்திலேயே நிற்கும் பிடிபிடிஎன்னுக்கும் இருக்கும் என்று நினைப்பது இயல்புதானே?

கிடையாது. அசலுக்கும் இல்லை, ஆண்டுக்கு 1 விழுக்காடு என்று வசூலிக்கப்படும் உஜ்ரா கட்டணத்துக்கும் இல்லை. முதலாளி பிப்ரவரிக் கடைசிக்குள் கொடுக்க வேண்டிய ஈஏ படிவத்தைப் புரட்டினால் இபிஎஃப் இருக்கும், சொக்சோ இருக்கும். பிடிபிடிஎன்னுக்கு அதில் இடமில்லை.

ஒவ்வோர் ஏப்ரலிலும் உறவுக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஏழெட்டுப் பேருக்கு இ-ஃபைலிங் செய்ய நான் துணைக்கு உட்காருவது வழக்கம். 2024ஆம் ஆண்டு வருமானத்துக்குக் கணக்குக் கொடுக்க இந்த முறை வந்தவர்களில் என் அக்கா மகளும் ஒருத்தி. கிள்ளானில் வேலை, மாதம் 4,500 ரிங்கிட் சம்பளம். அதில் 250 பிடிபிடிஎன்னுக்குப் போகிறது. "மாமா, படிப்புக் கடன் வட்டிக்கு 2,500 வரைக்கும் கழிக்கலாம்னு இன்டர்நெட்ல போட்டிருக்கே?" என்றாள். வாங்கிப் பார்த்தேன். அது அமெரிக்கக் கணக்கு. அங்கே படிப்புக் கடன் வட்டியில், வருமான வரம்புக்கு உட்பட்டு, ஆண்டுக்கு 2,500 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம். வட்டி 600 டாலரை எட்டினால் கடன் கொடுத்த நிறுவனமே 1098-இ என்ற படிவத்தை அனுப்பிவைக்கும். கல்லூரியிலிருந்து 1098-டி என்று இன்னொரு படிவம் வரும். ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் பதில் பெரும்பாலும் அந்த ஊரிலிருந்துதான் வருகிறது. படித்த பிள்ளைகள்கூட ரிங்கிட்டா டாலரா என்று பார்க்காமல் நம்பிவிடுகிறார்கள்.

சரி, அவள் 3,000 ரிங்கிட்டைத் துணிந்து எழுதிவிட்டால் என்ன லாபம்? ஆண்டு வருமானம் 54,000. தனிநபர் கழிவு 9,000, இபிஎஃப் 4,000, சொக்சோ 350 போக 40,650 ரிங்கிட்டுக்கு வரி. அந்தப் படியில் வரி 6 விழுக்காடு. ஆக, மிச்சம் 180 ரிங்கிட். கழிவு என்பது வரியில் குறையும் தொகை அல்ல, வரி போடப்படும் வருமானத்தில் குறையும் தொகை என்பதை இளையவர்கள் பலர் இன்னும் பிரித்துப் பார்ப்பதில்லை. 180 ரிங்கிட்டுக்காகத் தவறான கணக்கைக் கொடுத்துவிட்டு, பின்னால் தணிக்கைக் கடிதம் வரும்போது வரியோடு அபராதமும் கட்டுவானேன்?

பெற்றோர் தடுமாறும் இடம் வேறு. பாரத்தில் கல்விக் கட்டணத்துக்கு 7,000 ரிங்கிட் வரை கழிவு என்று ஓர் இடம் இருக்கிறது. மகளுடைய கல்லூரிக் கட்டண ரசீதை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அங்கே 'செண்டிரி' என்று ஒரு மலாய்ச் சொல் இருப்பதைக் கவனியுங்கள். வரி கட்டுபவர் தானே படித்தால் மட்டும்தான் அந்தக் கழிவு. அதிலும் உள்நாட்டில் அங்கீகாரம் பெற்ற நிலையமாக இருக்க வேண்டும். முதுகலை, முனைவர் பட்டம் என்றால் எந்தத் துறையானாலும் சரி. அதற்குக் கீழே என்றால் சட்டம், கணக்கியல், தொழில்நுட்பம், அறிவியல் போன்ற குறிப்பிட்ட துறைகள் மட்டுமே.

மகளுக்கு நீங்கள் கட்டிய கட்டணத்துக்கு நேரடியாக எந்தக் கழிவும் இல்லை. அதற்குப் பதிலாக, 18 வயதுக்கு மேல் மணமாகாமல் முழுநேரமாக டிப்ளோமா அல்லது பட்டப்படிப்பு படிக்கும் பிள்ளைக்கு 8,000 ரிங்கிட் கழிவு உண்டு. வெளிநாடு என்றால் பட்டப்படிப்பாக இருக்க வேண்டும். கட்டணம் 5,000 ஆனாலும் 50,000 ஆனாலும் அதே 8,000தான். எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் படிப்பவர்களுக்கு 2,000 மட்டுமே. கணவன் மனைவி தனித்தனியாகக் கணக்குக் காட்டினால் ஒரு பிள்ளையை ஒருவர்தான் எழுதலாம். யாருக்கு வரி விழுக்காடு அதிகமோ அவர் எழுதுவது புத்திசாலித்தனம்.

பிள்ளைக்கு வாங்கிய மடிக்கணினியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது 2,500 ரிங்கிட் வரையிலான வாழ்க்கைமுறைக் கழிவில் சேரும். நூல்கள், இணையக் கட்டணம் எல்லாம் அதே தொகைக்குள்தான். நாளிதழும் அதில் சேரும் என்பதை இந்தப் பக்கத்தில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது!

இனி எஸ்எஸ்பிஎன். பிள்ளைகளின் பெயரில் பெற்றோர் போடும் கல்விச் சேமிப்பு இது. ஆண்டுக்கு 8,000 ரிங்கிட் வரை கழிவு. ஆனால் அந்த ஆண்டில் போட்டதிலிருந்து எடுத்ததைக் கழித்து மிஞ்சுவதுதான் கணக்கு. ஜனவரியில் 8,000 எடுத்து டிசம்பரில் அதையே திரும்பப் போட்டால் நிகரம் பூஜ்யம். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் எழுத முடியும். அம்மா பெயரில் உள்ளதை அப்பா எழுதக்கூடாது.

இந்தச் சேமிப்பை நடத்துவதும் பிடிபிடிஎன்தான். அங்கே சேமிக்கும் குடும்பத்துக்கு வரிச் சலுகை. அங்கேயே கடன் வாங்கித் திருப்பிக் கட்டும் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. சேமிப்பை ஊக்குவிப்பது நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் வரி போடப்படும் வருமானம் 85,000 உள்ளவர் 8,000 போட்டால் 1,520 ரிங்கிட் மிச்சமாகிறது. 45,000 உள்ளவருக்கு அதே 8,000க்கு 480தான். மாதம் 667 ரிங்கிட் ஒதுக்க முடியாத வீட்டுப் பிள்ளைதானே கடனுக்கே போகிறது? வேலைக்குச் சேர்ந்த முதல் சில ஆண்டுகளுக்காவது, கட்டிய தவணையில் ஒரு பங்கைக் கழிக்க விடலாம் என்பது என் கருத்து. பட்ஜெட் கோரிக்கைகளில் நம் அமைப்புகள் இதையும் சேர்க்கலாம்.

அதுவரை இருப்பதை ஒழுங்காகப் பயன்படுத்துவோம். வியாபார வருமானம் இல்லாதவர்களின் பிஇ பாரத்துக்கு ஏப்ரல் 30 கெடு. இ-ஃபைலிங் என்றால் மே 15 வரை ஏற்கிறார்கள். ரசீதை இப்போது யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வெயிலில் மங்கும் ரசீதுகளைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள்.

அக்கா மகள் பகுதி நேரமாக முதுகலை படிக்கப் போகிறாள். ஓர் ஆண்டில் 7,000 ரிங்கிட் கட்டணம் கட்டினால் அவள் வரியில் ஏறக்குறைய 780 ரிங்கிட் குறையும். முதல் தவணை ரசீது கைக்கு வந்ததும் டிபி1 படிவத்தை நிரப்பி அலுவலகத்தில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். பிசிபி அப்போதே குறைந்துவிடும். அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதில்லை.