'லாஸ்ட் சீன்' வசதிக்கு ஒரு தாத்தா உண்டு!

வாட்ஸ்அப்பில் தெரியும் 'லாஸ்ட் சீன்' பல வீடுகளில் சண்டைக்குப் பிள்ளையார் சுழி போடுகிறது. ஆனால், ஒருவர் கடைசியாக எப்போது வந்துபோனார் என்று எட்டிப்பார்க்கும் வசதி செல்போன் காலத்தில் பிறந்ததல்ல. அதற்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அதன் பெயர் 'ஃபிங்கர்'. தமிழில் சொன்னால், விரல்!

பெயர் வந்த கதை

1971-ம் ஆண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில், ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தினார்கள். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்ற பட்டியல் திரையில் வரும். அதில் முழுப்பெயர் இருக்காது, சுருக்க அடையாளங்கள்தான். வேண்டியவரைக் கண்டுபிடிக்க, திரையில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகத் தேடுவார்கள். இதைக் கவனித்த லெஸ் எர்னஸ்ட், அந்த வேலையைச் செய்ய ஒரு புரோகிராம் எழுதினார். பெயரையும் அந்த விரலிலிருந்தே எடுத்துக்கொண்டார்.

ஒருவரின் முழுப்பெயர், அவர் இப்போது கம்ப்யூட்டரில் இருக்கிறாரா, கடைசியாக எப்போது வந்தார்... எல்லாவற்றையும் ஃபிங்கர் சொல்லிவிடும். 'பிளான்' என்ற கோப்பில் எதையாவது எழுதிவைத்தால், விசாரிப்பவருக்கு அதையும் காட்டும். 'ஊருக்குப் போயிருக்கிறேன், திங்கட்கிழமை வருவேன்' என்பதுபோல. இன்றைய 'ஸ்டேட்டஸ்' போலத்தான்!

1977-ல் இதற்குப் பொது விதிமுறை எழுதப்பட்டது. ஒரு ஊர் கம்ப்யூட்டரில் இருப்பவரை, இன்னொரு ஊரிலிருந்தும் விசாரிக்க முடிந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், கோக் இயந்திரத்தில் குளிர்ந்த பாட்டில் இருக்கிறதா என்றுகூட ஃபிங்கரில் கேட்டார்கள். 90-களில் 'டூம்', 'குவேக்' விளையாட்டுகளை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக் தன் 'பிளான்' கோப்பில் எழுதிய குறிப்புகளை ரசிகர்கள் தேடித்தேடிப் படித்தார்கள்.

நம்பிக்கை உடைந்த நாள்

கேட்டவர் யார், எதற்குக் கேட்கிறார் என்று ஃபிங்கர் விசாரிக்காது. எல்லோரும் ஒரே தெருக்காரர்கள் என்ற நம்பிக்கை. 1988 நவம்பர் 2 அன்று அதற்கு அடி விழுந்தது. ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் இணையத்தில் விட்ட 'வார்ம்', பல வழிகளில் பரவியது. அவற்றில் ஒன்று ஃபிங்கர். வரும் கேள்விக்காக 512 பைட் இடம்தான் ஒதுக்கப்பட்டிருந்தது; நீளத்தை யாரும் சரிபார்க்கவில்லை. வார்ம் அதைவிட நீளமான கேள்வியை அனுப்பியது. அப்படி வழிந்ததால், அந்தக் கேள்வியே கம்ப்யூட்டருக்கு இடும் கட்டளையாக மாறியது. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் திணறின.

அந்த ஓட்டையை அடைத்துவிடலாம். ஃபிங்கர் தரும் தகவலே ஆபத்தானால்? பல மாதங்களாக ஒருவர் கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை என்று தெரிந்தால், ஆள் இல்லாத வீடு திருடனுக்குத் தெரிந்த மாதிரிதான். 1991-ல் திருத்தப்பட்ட விதிமுறை, 'இந்தச் சேவை தேவையா, எவ்வளவு தகவல் தரலாம் என்று யோசித்து முடிவெடுங்கள்' என்று நிர்வாகிகளை எச்சரித்தது. பலரும் அதை மூடிவிட்டார்கள்.

முடிவு உங்கள் கையில்

அன்று முடிவெடுத்தவர் நிர்வாகி. இன்று நீங்கள்தான். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'பிரைவசி' பகுதிக்குப் போனால், 'லாஸ்ட் சீன்' யாருக்குத் தெரியலாம் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம்: எல்லோருக்கும், கான்டாக்ட்டில் இருப்பவர்களுக்கு மட்டும், அவர்களிலும் சிலரைத் தவிர்த்து, அல்லது யாருக்கும் வேண்டாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்... உங்களுடையதை மறைத்தால், மற்றவர்களுடையதும் உங்களுக்குத் தெரியாது. எட்டிப்பார்க்கும் ஆசைக்கு அதுதான் விலை!