அப்டேட்டுக்குப் பிறகு ஓட மறுக்கும் கட்டளை

பழைய தமிழ்ப் புத்தகத்தை ஸ்கேன் செய்து, அதிலுள்ள சொற்களைத் தேடிப் பிடிக்கும் பிடிஎஃப்-ஆக மாற்ற ‘ஓசிஆர்மைபிடிஎஃப்’ என்ற இலவசக் கருவி பேருதவி. பட்டன் எதுவும் கிடையாது. டெர்மினலில் ஒரு வரி அடித்தால் வேலை முடிந்துவிடும். ஆனால் உபுண்டு 20.04-ஐ 22.04-க்கு உயர்த்திய பிறகு அதே வரியை அடித்தால், ‘மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்’ என்று வந்து நிற்கலாம். அந்தப் பெயரில் மாட்யூலே இல்லையாம். நேற்றுவரை ஓடியது எங்கே போயிருக்கும்?

எங்கும் போகவில்லை. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட இந்தக் கருவியைப் பைத்தானின் ‘விர்ச்சுவல் என்விரான்மென்ட்’டில், அதாவது அதற்கென்றே ஒதுக்கிய தனி ஃபோல்டரில், நிறுவியிருப்பீர்கள். அதற்குள் ‘லிப்’ என்ற ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ‘பைத்தான்3.8’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். எல்லாம் அதற்குள் பத்திரமாக இருக்கும். உபுண்டு 20.04-இல் இருந்தது பைத்தான் 3.8. 22.04-இல் வந்திருப்பது 3.10, மூன்று புள்ளி பத்து. புதிய பைத்தான் தன் பதிப்பு எண் போட்ட ஃபோல்டரைத்தான் தேடும். அது அங்கே இல்லை.

பெயரை மட்டும் 3.10 என்று மாற்றிவிட்டால் என்ன என்று கை பரபரக்கும். வேண்டாம். உள்ளே சில கோப்புகளின் பெயரிலேயே ‘சிபைத்தான்-38’ என்று இருக்கும். அவை 3.8-க்கென்றே கம்பைல் செய்யப்பட்டவை, 3.10 அவற்றை ஏற்காது.

இதைவிட ஆபத்தான யோசனை ஒன்று உண்டு: கணினியின் பொதுவான பைத்தானையே பழைய பதிப்புக்குத் திருப்பிவிடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பலவும் அந்தப் பைத்தானை நம்பித்தான் ஓடுகின்றன. அதை மாற்றியவர்களுக்கு டெர்மினலே திறக்காமல் போனதுண்டு.

சரியான வழி எளிது. பழைய என்விரான்மென்டை அழிக்காமல் வேறு பெயரில் ஒதுக்கி வையுங்கள். புதிதாக ஒன்றை உருவாக்கி, கருவியை அதில் மீண்டும் நிறுவுங்கள். முன்பு எந்தப் பதிப்பு இருந்தது என்று மறந்துவிட்டதா? பழைய ஃபோல்டரில் ‘டிஸ்ட்-இன்ஃபோ’ என்று முடியும் பெயர்களைப் பாருங்கள். பதிப்பு எண் அதிலேயே எழுதியிருக்கும். ‘பிப்எக்ஸ்’ என்ற நிறுவும் கருவி வழியாக நிறுவியவர்களுக்கு இன்னும் சுலபம்: ‘ரீஇன்ஸ்டால்-ஆல்’ கட்டளை அத்தனை கருவிகளையும் ஒரே மூச்சில் திரும்ப நிறுவித் தரும். எழுத்துகளை உண்மையில் அடையாளம் காணும் டெசராக்ட், அதன் தமிழ் மொழிக் கோப்பு ஆகிய இரண்டையும் உபுண்டுவின் ‘ஆப்ட்’ வழியாக நிறுவியிருந்தால் அவற்றைத் தொட வேண்டியதில்லை.

24.04-க்குப் போகும்போதும் இதே கதைதான். அங்கே பைத்தான் 3.12. போவதற்கு முன்பே, என்விரான்மென்டுக்குள் ‘பிப்’ என்ற நிறுவும் கருவியின் ‘பிப் ஃப்ரீஸ்’ கட்டளையை ஓட்டி, நிறுவியவற்றின் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். உயர்த்திய பிறகு அந்தப் பழைய என்விரான்மென்டில் பிப்பும் ஓடாது.