செத்ததை மட்டும் எண்ணினால் போதுமா?

ஒரு பூச்சிமருந்து நீர்வாழ் உயிர்களுக்கு எவ்வளவு நஞ்சு என்று அளக்க, 96 மணி நேரத்தில் பாதி உயிர்கள் சாகும் செறிவு எது என்று பார்ப்பதே ஆய்வுகூட வழக்கம். மீனுக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரிவரும். நன்னீர் மட்டிக்குச் சரிவராது. நீரில் நஞ்சு தட்டுப்பட்டதும் வளர்ந்த மட்டி ஓட்டை இறுக மூடிக்கொள்ளும். உடம்பில் சேர்த்துவைத்த கிளைக்கோசனைக் கரைத்து, ஒட்சிசன் இல்லாமலே நாட்கணக்கில் தாக்குப்பிடிக்கும். நாலாம் நாள் அது உயிரோடிருக்க, மருந்தும் நல்ல பெயர் வாங்கிவிடும். ஆனால் மூடிய மட்டி தின்பதுமில்லை, நீரை வடிப்பதுமில்லை. திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தார் 1980களில், இலங்கைக் குளங்களிலும் வாழும் லமெல்லிடென்ஸ் மட்டியை மீத்தைல் பரத்தியோனில் வைத்துப் பார்த்தார்கள். அதன் சுவாசமும் திசுக்களின் உப்புச் சமநிலையும் மாறிப்போயின. இவ்வகை மருந்துகள் நரம்புக்குத் தேவையான நொதியையே முடக்குகின்றன. கால் தளர்ந்த மட்டியால் சேற்றில் புதைய முடியாது.

இதைவிடப் பெரிய சேதம் குஞ்சுகளில் நடக்கிறது. மட்டியின் இளம்புழு ஒரு மீனின் பூவிலோ செட்டையிலோ தொற்றிக்கொண்டால்தான் மட்டியாக வளரும். தவறினால் சில நாளில் முடிந்துவிடும். கிளைபோசேற்றுக் களைநாசினியை அமெரிக்க ஆய்வாளர்கள் இளம்புழுக்களில் சோதித்து 2007இல் வெளியிட்டபோது, களைகொல்லும் பொருளைவிட, அது இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் சவர்க்காரம் போன்ற பொருளே கொடியதாக இருந்தது. போத்தலில் பெரிய எழுத்தில் இல்லாத பொருள் அது! பல ஆண்டுகள் வாழும் கிழட்டு மட்டிகள் குளத்தில் கிடக்கும்வரை, குஞ்சு இல்லாத குறை கண்ணுக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்துத் தீவான வேலணையையே எடுத்துக்கொள்வோம். இங்கே ஆறில்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லில் இறங்கி, உப்புநீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அதைத்தான். மண்ணில் போட்டது கிணற்றுக்கு வரும் என்பதற்கு யாழ்ப்பாணக் கிணறுகளில் அளந்த நைத்திரேற்றே சாட்சி. தீவுக் குளங்களில் உயிர்களைக் கொல்வது உப்பும் கோடையும்தானே என்று கேட்கலாம். உண்மை, முதற் பகை அவைதான். ஆனால் வரட்சியைத் தாங்கவும் மட்டி ஓட்டை மூடி அதே சேமிப்பைத்தான் கரைக்கிறது. மாரியில் மருந்தோடு போராடி அதைச் செலவழித்த மட்டி கோடைக்கு எதை வைத்திருக்கும்?

மருந்தில்லாமல் வெங்காயமும் மிளகாயும் விளையுமா என்பது கமக்காரரின் நியாயமான கேள்வி. இரசாயன உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் 2021 மேயில் ஒரே அடியாக விதித்த இறக்குமதித் தடையை நவம்பரில் விலக்க நேர்ந்ததை நாடு கண்டது. அப்படியொரு தடை இங்கு தேவையில்லை. 1980ஆம் ஆண்டின் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி மருந்துகளைப் பதிவுசெய்வோர், சாவுக்கணக்கோடு மட்டிக் குஞ்சின் கணக்கையும், ஒட்டுப்பொருளின் கணக்கையும் கேட்கட்டும். தோட்டக்காரரும் மருந்தடித்த தாங்கியைக் குளத்தடியிலோ கிணற்றடியிலோ கழுவாதிருக்கட்டும். இதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.