ஒரே அடியில் குழிக்குள்

நுவரெலியா நகரத்துக்குள்ளேயே, பிதுருதலாகலை மலையடிவாரத்தில், உயரமான மரங்கள் சூழ்ந்த பெரிய புல்வெளி ஒன்று இருக்கிறது. தோட்டத்திலிருந்து டவுனுக்கு வருகிற பிள்ளைகள் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். 1889இல் தொடங்கிய நுவரெலியா கோல்ப் கழகத்தின் மைதானம் அது. லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். அவருக்குப் பிறகு மலையேறி வந்த துரைமாரிலும் அந்த நாட்டவர்கள் நிறையப் பேர். கோல்ப் அவர்கள் ஊர் விளையாட்டு.

மைதானத்தில் 18 குழிகள். கோலால் பந்தை அடித்து, எவ்வளவு குறைந்த அடிகளில் ஒவ்வொரு குழியிலும் விழுத்துகிறீர்களோ அவ்வளவு நல்லது. தூரம் குறைந்த சில குழிகளுக்கு மூன்று அடி என்று கணக்கு. பெரும்பாலான மைதானங்களில் இப்படி நான்கு குழிகள் இருக்கும். அவற்றில் ஒன்றில், முதல் அடியிலேயே பந்து போய்க் குழிக்குள் விழுந்துவிட்டால் அதற்குப் பெயர் ‘ஹோல் இன் ஒன்’. ஸ்கொட்லாந்தின் பிரெஸ்ட்விக் மைதானத்தில் 1860களின் கடைசியில் இளைய டொம் மொரிஸ் என்ற வீரர் இப்படி விழுத்தியது பழைய பதிவுகளில் இருக்கிறது. அவர் கோல்பையே தொழிலாகக் கொண்டவர். வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோலை எடுக்கிறவர்களுக்கு இது கிடைத்தால், ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். சொல்லட்டும், அதில் தப்பே இல்லை. எவ்வளவு அரிய காரியம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்.

குழியின் அகலம் 108 மில்லிமீற்றர். உலகத்தில் எந்த மைதானத்துக்குப் போனாலும் இதே அளவுதான். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது, நிறை 45.93 கிராமுக்குக் கூடக் கூடாது. 140 மீற்றர் தூரத்தில் நின்று பார்த்தால் அந்தக் குழி எவ்வளவு அகலம் தெரியும்? கோணத்தில் சொன்னால் 0.044 பாகை. வானத்தில் முழுநிலா ஏறத்தாழ அரைப் பாகை அகலம். நிலாவைப் பன்னிரண்டு கீற்றாகப் பிரித்து அதில் ஒரு கீற்றைக் குறிபார்த்து அடிப்பதற்குச் சமம். உண்மையில் குழி கண்ணுக்கே தெரியாது. அதில் நட்டிருக்கும் கொடிக்கம்பம் மட்டும் தெரியும்.

திசை சரியாக இருந்தால் மட்டும் போதாது. மாபிள் விளையாடுகிற பிள்ளைகளுக்கு இது நன்றாகவே தெரியும்: வேகமாக உருட்டினால் குண்டு குழியைத் தாண்டி ஓடிவிடும். ஏன் என்று பார்ப்போம். பந்து குழியின் விளிம்பைத் தாண்டிய கணத்திலிருந்து கீழே விழத் தொடங்குகிறது. எதிர்ப்பக்க விளிம்பில் இடிப்பதற்குள் அது தன் அரை விட்டமாவது, அதாவது 21 மில்லிமீற்றர், கீழே இறங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் சுவரில் முட்டி உள்ளே விழும், இல்லாவிட்டால் துள்ளி வெளியே போகும். புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.8 என்று படித்திருப்பீர்களே, அதை வைத்துக் கணித்தால் 21 மில்லிமீற்றர் விழ 0.066 செக்கன் ஆகிறது. அந்த நேரத்துக்குள் பந்தின் நடுப்புள்ளி முன்னால் போகக்கூடிய தூரம் 108இலிருந்து 21ஐக் கழித்தால் வருகிற 87 மில்லிமீற்றர். தூரத்தை நேரத்தால் வகுத்தால் செக்கனுக்கு 1.3 மீற்றர். நாம் சாதாரணமாக நடக்கிற வேகம்தான் இது! 140 மீற்றர் பறந்து வந்த பந்து, குழியின் வாயை நேராக அடையும்போது ஒரு மனிதர் நடக்கிற வேகத்துக்குத் தணிந்திருக்க வேண்டும். கொடிக்கம்பத்தில் பட்டு வேகம் இழந்து விழுகிற பந்துகளும் உண்டு. வானத்திலிருந்து நேரே குழிக்குள் இறங்குகிற பந்து இன்னும் அபூர்வம்.

பந்து பறக்கிற விதமே தனி அறிவியல். ஒரு கோல்ப் பந்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் மேலெல்லாம் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கும், 300க்கும் மேல். பழைய காலத்தில் பந்துகள் வழவழப்பாகத்தான் இருந்தன. விளையாடியவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: அடிபட்டுத் தேய்ந்து மேலெல்லாம் வடு விழுந்த பந்து, புதுப் பந்தைவிட நன்றாகப் பறக்கிறது. காரணம் பின்னால்தான் புரிந்தது. பள்ளங்கள் பந்தை ஒட்டிய வளியைக் கலக்கிவிடுகின்றன. கலங்கிய வளி பந்தின் பின்புறம் வரை ஒட்டிக்கொண்டு போகிறது. அதனால் பந்துக்குப் பின்னால் இழுத்துப் பிடிக்கிற சுழல் சிறுத்துவிடுகிறது. வழவழப்பான பந்து இதில் பாதித் தூரம்தான் போகும். அதோடு, கோலின் சாய்ந்த முகம் பந்தைப் பின்பக்கமாகச் சுழல வைக்கிறது. அந்தச் சுழற்சி பந்தை மேலே தூக்கிக் கொடுக்கும்.

இங்கேதான் நம் மலை உள்ளே வருகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். இங்கே வளியமுக்கம் குறைவு. குளிரையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் கொழும்பு வளியைவிட நுவரெலியா வளியின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. எதிர்த்துத் தடுக்கிற வளி குறைந்தால் பந்து தூரம் போகும். ஆனால் சுழலும் பந்தைத் தூக்கிக் கொடுப்பதும் அதே வளிதான், அதுவும் குறைந்துவிடுகிறது. இரண்டையும் கூட்டிக் கழித்தால் பந்து கொஞ்சம் கூடுதல் தூரம் போய் விழும். கொழும்பில் பழகிய கை இங்கே வந்து அதே பலத்தில் அடித்தால் பந்து குழியைத் தாண்டித்தான் விழும். மழை பெய்த நாளில் புல்தரை மெத்தென்று இருப்பதால் விழுந்த இடத்திலேயே பந்து நின்றுவிடும். வெயில் காலத்தில் அதே அடி உருண்டு ஓடும். மூடுபனி இறங்கினால் கொடிக்கம்பமே மறைந்துபோகும். பந்து குழிக்குள் விழுந்ததை அடித்தவரே பார்க்க முடியாமல், புல்வெளியெல்லாம் தேடி, கடைசியில் குழிக்குள் குனிந்து பார்க்கும்போதுதான் விஷயம் தெரிவதும் இந்த விளையாட்டில் உண்டு. அதனால் கூட விளையாடியவர்களின் சாட்சிக்குப் பெரிய மதிப்பு.

இனி நிகழ்தகவு. சாதாரண ஆட்டக்காரர் ஒருவருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, 12,500 அடிகளில் ஒன்று. தொழில்முறை வீரருக்கு 2,500இல் ஒன்று. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹோல் இன் ஒன் வெறும் அதிர்ஷ்டம் என்றால் இரண்டும் ஒன்றாக அல்லவா இருக்க வேண்டும்? தேர்ந்த வீரரின் பந்துகள் கொடிக்கம்பத்தைச் சுற்றி நெருக்கமாக விழுகின்றன, அதனால் ஐந்து மடங்கு வாய்ப்பு. பயிற்சி பந்தைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடும். கடைசி ஓரிரு அடித் தூரத்தைப் புல்லும் காற்றும் முடிவுசெய்கின்றன.

வாரம் ஒரு தடவை விளையாடி, ஒவ்வொரு தடவையும் நான்கு குழிகளில் முயன்றால் 12,500 அடி முடிய 60 ஆண்டுகள் ஆகும். அப்படியென்றால் 60 ஆண்டு விளையாடியவருக்கு நிச்சயம் ஒன்று கிடைக்குமா? கிடைக்காது. இந்த இடத்தில்தான் பெரியவர்களும் தடுமாறுகிறார்கள். நேற்று அடித்த அடி இன்றைய பந்துக்குத் தெரியாது. ஒவ்வொரு அடியும் புதிதாக அதே 12,500இல் ஒன்றுதான். முழு 12,500 அடிகளும் அடித்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பேருக்கு ஒரு தடவைகூட விழாது.

ஜப்பானில் ஹோல் இன் ஒன் அடித்தவர் நண்பர்களுக்கு விருந்தும் பரிசும் கொடுப்பது வழக்கம். செலவு மிக அதிகம். அதற்காக அங்கே காப்புறுதியே விற்கிறார்கள்! காப்புறுதிக் கம்பனிக்குத் தேவையானது 12,500இல் ஒன்று என்ற இதே எண்தான். யாருக்கு எப்போது விழும் என்று அதற்குத் தெரியாது. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து அடித்தால் மொத்தம் எத்தனை விழும் என்று ஓரளவு தெரியும், அதை வைத்துத்தான் கட்டணம் போடுகிறது.

இதை உங்கள் வகுப்பிலேயே சோதிக்கலாம். ஒரு தாயக்கட்டையில் ஆறு விழும் நிகழ்தகவு ஆறில் ஒன்று. ஆளுக்கு ஆறு தடவை உருட்டுங்கள். ஆறு தடவை உருட்டினால் ஒரு தடவையாவது ஆறு விழுமென்று தோன்றும். ஆனால் 30 பேர் உள்ள வகுப்பில் ஏறத்தாழ 10 பேருக்கு ஒன்றுகூட விழாது. சிலருக்கு இரண்டு, மூன்று என்று விழும். கரும்பலகையில் எல்லாருடைய எண்ணையும் எழுதுங்கள். பிறகு பக்கத்து வகுப்பின் எண்களையும் வாங்கிச் சேர்த்துப் பாருங்கள். ஆட்கள் கூடக் கூட, ஒன்றும் விழாதவர்களின் பங்கு மூன்றில் ஒன்றை நெருங்கி வரும்.