மோட்டார் வண்டியின் தாழ்வும் டயரின் தேய்வும்

பழைய மோட்டார் வண்டியொன்றையே முதலாகக் கொண்டு பிழைப்பார் நம் நாட்டிற் பலர். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வாரும், விடியுமுன் சந்தைக்குக் காய்கறி கொண்டு சேர்ப்பாரும் இவருள் அடங்குவர். வண்டி ஒருநாள் நிற்பின் அன்றைய ஊதியமும் நின்றுவிடும். இத்தகையார்க்கு வண்டி ஒருபுறம் தாழ்ந்து கிடத்தலும், புதிதாக மாட்டிய டயர் சில திங்களுக்குள் ஓரம் வழுக்கையாகத் தேய்ந்துபோதலும் பெரும் இடுக்கண் ஆகும். அப்பொழுது அவர் செய்வது யாதெனின், கடன் பட்டேனும் வேறு டயர் வாங்கி மாட்டுதலே. அப்புதிய டயரும் பழையது சென்ற வழியே செல்லும். என்னை? டயரின் தேய்வு நோயன்று, நோயின் குறியே. குறியைப் படித்தறிந்து, காரணத்தைத் தேடி, செலவு குறைந்த திருத்தத்தை முன்னும் மிகுந்ததைப் பின்னுமாகச் செய்துவரின் சிறு பொருளாற் பெரும்பயன் எய்தலாம். அம்முறையினை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

எடுத்துக்காட்டாக மாருதி ஆம்னி என்னும் சிறு வண்டியைக் கொள்வோம். 1984ஆம் ஆண்டு முதல் 2019ஆம் ஆண்டு வரை செய்யப்பெற்ற இவ்வண்டி இன்றும் நம் தெருக்களில் உழைத்துக்கொண்டிருக்கின்றது. இதன் முற்சக்கரம் ஒவ்வொன்றின்மேலும் ஒரு சுருள்வில் அமைந்துள்ளது. பிற்சக்கரங்கட்கோ பட்டை பட்டையாக அடுக்கிக் கட்டிய வில்லே தாங்கி. பட்டறையில் இதனைக் கமான் பட்டை என வழங்குவர். ஆகவே இருவகை வில்லின் இயல்பையும் இவ்வொரு வண்டியிலேயே காணலாம்.

முதற்கண் பலர்பால் உள்ள ஓர் ஐயத்தைக் களைதல் வேண்டும். வண்டி தாழ்ந்தவுடன், ‘ஷாக் அப்சார்பர் போய்விட்டது’ என்று கூறி அதனை மாற்றுவோர் உளர். வண்டியின் பாரத்தைத் தாங்குவது வில். ஷாக் அப்சார்பர் அன்று. பள்ளத்தில் இறங்கிய வில் மேலுங் கீழுமாகத் துள்ளிக்கொண்டேயிராமல் அத்துள்ளலை அடக்குவதே பின்னதன் தொழில். அதனை மாற்றுதலால் வண்டியின் தாழ்வு நீங்காது. அது நன்னிலையில் உள்ளதோ என்றறிய, வண்டியின் ஒரு மூலையைக் கையால் நன்கு அழுத்தி விடுக. ஒருமுறை எழுந்து அமைதியுறின் நன்று. பலமுறை ஊசலாடினாலும், அதன் உடலில் எண்ணெய் கசிந்திருந்தாலும் அது பழுதுற்றதெனக் கொள்க.

இனித் தாழ்வை அளக்குமாறு கூறுவாம். சமதரையில், சுமையின்றி, நான்கு டயர்களிலும் உரிய அளவு காற்றடைத்து வண்டியை நிறுத்துக. சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து அதற்கு நேர்மேலே உள்ள மட்கார்டின் விளிம்பு வரை அளவு நாடாவால் அளந்து, நான்கு இடத்தையும் தாளிற் குறித்துக்கொள்க. இடமும் வலமும் ஒவ்வாவிடின், குறைந்த பக்கத்து வில் முதலில் ஐயுறத்தக்கது. இரண்டும் ஒத்திருந்து, வண்டியின் கைந்நூல் கூறும் உயரத்தினும் குறைந்திருப்பின் இருபுற வில்லும் சோர்ந்தன என்க. இவ்வளவைக்குக் காசொன்றும் வேண்டுவதில்லை.

வில் சோர்தற்குக் காரணம் பல. அளவுக்கு மிஞ்சிய பாரம், ஆண்டு பல உழைத்த எஃகின் தளர்ச்சி, துரு, ஒரு பட்டையின் முறிவு, முனைகளில் உள்ள ரப்பர் புஷ் நைந்துபோதல் என்பன அவற்றுட் சில. பின்புறம் தாழ்ந்ததாயின், கமான் பட்டையைக் கழற்றித் துருப்போகத் தேய்த்து ஒவ்வொரு பட்டையையும் ஆராய்க. முறிந்தது ஒன்றேயாயின் அவ்வொன்றை மாற்றினாற் போதும். வளைவு குறைந்திருப்பின், பட்டறைக் கொல்லர் அதனை மீண்டும் வளைத்துத் தருவர். புதிய கமான் வாங்குதலினும் இதற்குச் செலவு குறைவு. ஆயின் இருபுறத்தையும் ஒருங்கே, ஒரே வளைவினதாகச் செய்வித்தல் வேண்டும். எஃகைச் செந்நிறமாகக் காய்ச்சி வளைத்து அப்படியே ஆறவிடின் அதன் வில்லியல்பு கெடும் என்பதனையும் மறவற்க. மீண்டும் பூட்டுங்கால், ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தன் பாரத்துடன் தரையில் நின்ற பின்னரே இறுதியாக முறுக்குதல் வேண்டும். அல்லாக்கால் அப்புஷ் முறுகிய நிலையிலேயே இறுகி விரைவிற் கிழியும். சில நாள் ஓடிய பின் யூ போல்ட்டுகளை மறுமுறையும் இறுக்கிப் பார்த்தல் நலம்.

முன்புறத்துச் சுருள்வில் சோர்ந்ததாயின் அதனை வளைத்துச் சீர்செய்ய இயலாது. இரண்டையும் இணையாகவே மாற்றல் வேண்டும். பொருள் குறைந்தார் சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழம்பொருட் கடைகளை நாடுவர். அங்கு வாங்கும் வில்லும் சோர்ந்ததாயிருத்தல் கூடுமாதலின், இரண்டையும் அருகருகே நிறுத்தி உயரமும் கம்பியின் பருமனும் ஒத்துப் பார்த்தே வாங்குக. சுருளிடையே ரப்பர்த் துண்டைச் செருகி வண்டியை உயர்த்துவது சிலர் வழக்கம். அதனால் அச்சுருள் அசைவற்றுப்போக, ஏனைச் சுருள்கள் மிகுபாரம் ஏற்று முறியவும் கூடும். அன்றியும், அழுத்தப்பட்ட சுருள்வில் ஆளைக் கொல்லும் ஆற்றலை உள்ளடக்கியது. அதனை அழுத்திப் பிடிக்கும் உரிய கருவியின்றி மேல் நட்டைக் கழற்றத் துணிதல் ஆகாது. ஜாக்கி ஒன்றனையே நம்பி வண்டியின் கீழே புகுதலும் அத்தகையதே. உறுதியான தாங்கிகளை வைத்த பின்னரே புகுதல் வேண்டும். காசை மிச்சப்படுத்தப் புகுந்து உயிரை இழத்தல் அறிவுடைமையாகாது.

இனி, டயர் என்னும் ஏட்டைப் படிக்குமாறு காண்போம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு உயர்ந்திருப்பின் காற்றுக் குறைவு. நடுமட்டும் தேய்ந்திருப்பின் காற்று மிகுதி. உள்ளோரமோ வெளியோரமோ ஒன்று மட்டும் தேயின், சக்கரம் செங்குத்தாக நில்லாது சாய்ந்துள்ளது, அல்லது அதன் முகம் பெரிதும் திரும்பியுள்ளது என்க. முன்வில் தாழ்ந்த வண்டியில் சக்கரத்தின் தலை உட்சாய்ந்து உள்ளோரம் தேய்தல் இயல்பு. கையால் ஒருபுறம் தடவ வழுவழுப்பாகவும், மறுபுறம் தடவ வாளின் பல்போற் சொரசொரப்பாகவும் தோன்றின், சக்கரங்களின் முகம் நேர்நோக்காது உள்ளோ வெளியோ திரும்பியுள்ளது. இடையிடையே குழிகுழியாகத் தேயின், ஷாக் அப்சார்பர் தளர்ந்தது, அல்லது சக்கரம் எடைச்சமன் இழந்தது. இங்ஙனம் ஒவ்வொரு தேய்வும் ஒவ்வொரு காரணத்தைச் சுட்டி நிற்றலின், டயரைக் கழற்றி எறியுமுன் அதனைப் படித்தல் கடனாம்.

சக்கரத்தின் முகத் திருப்பத்தை வீட்டிலேயே ஒருவாறு அளக்கலாம். கொத்தர் சுவரெழுப்ப நூல் பிடிப்பதுபோல, வண்டியின் இருபுறமும் சக்கரத்தின் நடுவுயரத்தில் நெடுக நூல் கட்டுக. இருநூலும் முன்னும் பின்னும் ஒரே இடைவெளியுடையனவாகவும், முன்னச்சிலும் பின்னச்சிலும் இடச் சக்கர நடுவிலிருந்தும் வலச் சக்கர நடுவிலிருந்தும் ஒத்த தொலைவின்கண்ணும் அமைதல் வேண்டும். பின்னர், ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முற்சக்கர இரும்பு வளையத்தின் முன்விளிம்பிலிருந்தும் பின்விளிம்பிலிருந்தும் நூல்வரை அளந்தால் திருப்பம் மில்லிமீட்டர்க் கணக்கிற் புலப்படும். டை ராடின் பூட்டு நட்டைத் தளர்த்தி, இருபுறமும் சமமாகத் திருகி, கைந்நூல் கூறும் அளவுக்குக் கொணரலாம். ஆயினும் அதற்குமுன் சக்கரத்தைத் தூக்கி, இடவலமாகவும் மேல்கீழாகவும் பிடித்து ஆட்டிப் பார்த்தல் இன்றியமையாதது. டை ராட் முனையிலோ பால் ஜாயிண்டிலோ பேரிங்கிலோ ஆட்டம் இருப்பின், எத்துணை நுட்பமாக அலைன்மெண்ட் செய்யினும் அது நிலையாது.

ஆகவே செலவின் முறை இதுவாகும்: முதலிற் காற்று; அடுத்து அளவை; அதன்பின் ஆட்டமுற்ற சிறு உறுப்புக்களும் புஷ்களும்; பின்னர் வில்; வில்லின் உயரம் நிலைபெற்ற பின் அலைன்மெண்ட்; எல்லாவற்றிற்கும் இறுதியிலேயே டயர். வில்லைத் திருத்துமுன் அலைன்மெண்ட் செய்வதும், அலைன்மெண்ட் செய்யுமுன் டயர் வாங்குவதும் ஒரே செலவை இருமுறை செய்தலாய் முடியும். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டராகக் குறையுங்கால் அதன் வரிகளினூடே உள்ள குறிமேடுகள் தரைமட்டத்தொடு ஒன்றும்; அதற்குமேல் அதனை ஓட்டுதல் ஆகாது. பழைய டயர் வாங்குவோர் அதன் பக்கத்தில் அச்சிட்ட நான்கு இலக்கங்களை நோக்குக. 2319 என்றிருப்பின் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்திற் செய்யப்பட்டது எனப் பொருள்படும்.

இன்னும் ஒன்று கூறி முடிப்போம். கமானில் மேலும் ஒரு பட்டையைச் சேர்த்துவிட்டால் வண்டி கூடுதற் சுமை ஏற்கும் என எண்ணுவோர் பலர். வண்டி உயர்ந்து நிற்கும் என்பது மெய்யே. ஆயின் அச்சும் பிரேக்கும் டயரும் முன்னிருந்த வலியினவே. ஆறு பிள்ளைகட்கென அமைந்த இருக்கையிற் பன்னிருவரை ஏற்றின், வில் தாழ்ந்து எச்சரிக்கும் எச்சரிக்கையை நாமே வாயடைத்தவராவோம். தாழ்ந்த வில்லும் தேய்ந்த டயரும் வாயில்லாப் பொருள்களாயினும் தம் உடையானொடு பேசிக்கொண்டேயிருக்கின்றன. அப்பேச்சைச் செவிமடுப்பார்க்குக் கைப்பொருள் குறையினும் வண்டி நெடுநாள் உழைக்கும். அதில் ஏறிச் செல்வாரும் நலமே வீடு சேர்வர்.