147573952589676412927: ஓர் எண்ணின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

எண்கள் காலங்கடந்தவை, அவை பற்றிய உண்மைகள் வரலாற்றுக்கு அப்பாற்பட்டவை என்பது கருத்துமுதல்வாதிகளின் வழக்கமான கூற்று. உண்மைகளைப் பொறுத்தவரை இதில் வாதிடுவதற்கு அதிகமில்லை. ஆனால், அவ்வுண்மைகளை மனிதர் அறிந்துகொண்ட முறைமைக்கு வரலாறு உண்டு, உழைப்பும் உண்டு. இலக்கிய மாணவனொருவன் கணிதத்தினுள் எட்டிப்பார்ப்பதற்கு இதுவே நியாயமாகும்.

2இன் 67ஆம் வலுவிலிருந்து ஒன்றைக் கழித்தால் தலைப்பிலுள்ள 21 இலக்க எண் கிடைக்கும். பிரெஞ்சுத் துறவியான மரேன் மேர்சென், இவ்வகை எண்களுள் முதன்மை எண்கள் எவையென 1644இல் வெளியிட்ட பட்டியலில் இதனையும் சேர்த்தார். நிறுவல் எதனையும் அவர் தரவில்லை. எனினும் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அக்கூற்று மறுக்கப்படாது நின்றது. அதிகாரத்தின் வலிமை கணிதத்திலும் செல்லுபடியாகும் போலும்.

1876இல் எட்வார்ட் லூக்கா இவ்வெண் முதன்மை எண்ணன்று என முடிவுசெய்தார். அவரது முறையின் தன்மை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 1930இல் லேமர் செம்மைப்படுத்திய வடிவில் அதனை இவ்வாறு விளக்கலாம்: 4இல் தொடங்கி, அதனை வர்க்கித்து 2ஐக் கழித்து, வருவதை நமது எண்ணால் வகுத்து மீதியை மட்டும் கொள்ள வேண்டும். அம்மீதியைக் கொண்டு இதனையே மொத்தம் 65 முறை செய்தபின் பூச்சியம் எஞ்சுமாயின் எண் முதன்மையானது. அன்றேல் அதற்குக் காரணிகள் உண்டு. அக்காரணிகள் எவை என்பது பற்றி இம்முறை எதுவும் கூறுவதில்லை. ஒன்று பகுபடும் என அறிவதும் அதனைப் பகுத்துக் காட்டுவதும் வெவ்வேறு என்பது இங்கு துலக்கமாகின்றது.

பகுத்துக் காட்டியவர் அமெரிக்கரான பிராங் நெல்சன் கோல். 1903 ஒக்டோபரில் நியூயோர்க்கில் நடந்த கணிதக் கழகக் கூட்டமொன்றில் அவர் 193707721, 761838257287 ஆகிய இரண்டையும் கரும்பலகையில் பெருக்கிக் காட்டினார். ஒரு சொல்லும் பேசாது அமர்ந்தார் என்றும், இதற்கு மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் சென்றன என அவர் தம்மிடம் கூறியதாகவும் எரிக் டெம்பிள் பெல் பின்னாளில் எழுதினார். பெல் கதைகளைச் சுவைபடச் சொல்பவர். ஆகவே இதனை எச்சரிக்கையுடனேயே ஏற்கவேண்டும். எனினும் உழைப்பின் அளவு ஐயத்துக்குரியதன்று. இவ்வெண்ணின் எக்காரணியும் 134ஆல் வகுக்கும்போது 1ஐ மீதியாகத் தரவேண்டும். அத்தகைய எண்களின் வரிசையில் சிறிய காரணி நிற்குமிடம் 1445580ஆவது. வர்க்க மீதிகள் பற்றிய ஆராய்ச்சியால் கோல் தேடுகளத்தைச் சுருக்கினாரெனினும், எஞ்சிய கணிப்பு முழுவதும் கையால் செய்யப்பட்டதே. மேதையின் மின்னற்பொறி என்று இதனைப் போற்றுவோர், ஞாயிறு தோறும் ஓய்வுடையோர் அக்காலத்தில் யாவர் என்று கேட்பதில்லை.

இன்று இதே காரணிகளைச் சாதாரணக் கணினி நொடிப்பொழுதில் தந்துவிடும். ஆயினும், பெருக்குதல் எளிது, பெருக்கத்திலிருந்து காரணிகளை மீட்டல் கடிது என்ற ஏற்றத்தாழ்வு நீங்கவில்லை. 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவரும் உருவாக்கிய மறைகுறி முறை இதனையே அத்திவாரமாகக் கொண்டது. கரும்பலகையில் கைதட்டலுக்குரியதாயிருந்த கடினம், இவ்வாறு வங்கிகளின் இரகசியங்களுக்குப் பூட்டாயிற்று.